கம்பம் விவசாயிக்கு வைஹெக்கே தீவில் ஒரு நாள்

கேள்வி: நாங்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வசிக்கிறோம். கம்பத்தில் முப்பது ஆண்டுகளாகப் பன்னீர் திராட்சை பயிரிட்டுவரும் என் மாமனாரும் மாமியாரும் மார்ச் மாதத்தில் இங்கு வருகிறார்கள். வைஹெக்கே தீவுக்குக் காரையும் ஃபெர்ரியில் ஏற்றிச் சென்று, ஒரே நாளில் ஒயின் தயாரிக்கும் ஐந்து திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துவிடலாம் என்கிறார் என் கணவர். இருவருமே மது தொடாதவர்கள், சைவம். மாமியாருக்கு முழங்கால் வலி வேறு. அவர்களை ஒயின் தயாரிக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்வது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்குகிறேன். - ஒரு வாசகி, ஆக்லாந்து

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் தயக்கத்தில் உள்ள அக்கறை புரிகிறது. ஆனால் உங்கள் மாமனார் அங்கே பார்க்கப்போவது கொடியைத்தான், கோப்பையை அல்ல. சுவைத்துப் பார்க்க வருபவர்களோடு மது அருந்தாதவர்களும் வந்து பழச்சாறோ காபியோ வாங்கிக்கொண்டு அமர்ந்திருப்பது அங்கே வழக்கமான காட்சி. என்ன இடம், எதற்காகப் போகிறோம் என்பதை முதல் நாளே அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். மறைத்து அழைத்துச் சென்றால்தான் மரியாதைக் குறைவு.

மார்ச் மிகப் பொருத்தமான மாதம். அங்கே அறுவடை ஆண்டுக்கு ஒரே முறை, மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடைபெறுவதால், நீங்கள் போகும்போது பழுத்த குலைகளும் அவற்றைப் பறவைகளிடமிருந்து காக்கும் வலைகளும் கண்ணில் படும். கம்பத்தில் பந்தலுக்கு அடியில் நின்று தலைக்கு மேல் தொங்கும் குலைகளை அண்ணாந்து பார்த்துப் பழகியவருக்கு, கம்பி கட்டி வேலிபோல வரிசையாக வளர்த்த கொடிகளில், இடுப்பு உயரத்துக்கும் கீழே, வெயில் படுவதற்காகச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிவிட்ட குலைகளைப் பார்ப்பதே பெரிய வியப்பாக இருக்கும். குளிர்காலமே இல்லாத நம் ஊரில் கவாத்து செய்யும், அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிடும், நாளைக் கொண்டே அறுவடைக் காலத்தைத் தீர்மானிக்கிறோம். அங்கே குளிரில் இலையெல்லாம் உதிர்ந்து கொடி உறங்கிவிடும். பழங்களும் சிறியவை, தோல் தடித்தவை. சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே வருவதால் அப்படிப்பட்ட இரகங்களைத்தான் விரும்பி வளர்க்கிறார்கள். தீவில் ஒயினுக்கான திராட்சை 1970களின் இறுதியில்தான் வேரூன்றியது என்பதால், இந்தத் தொழிலில் உங்கள் மாமனாரின் அனுபவம் அங்குள்ள பல தோட்டக்காரர்களின் அனுபவத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

காரைப் பற்றி உங்கள் கணவரோடு நான் உடன்படவில்லை. கார் ஏற்றும் ஃபெர்ரி ஹாஃப் மூன் பே துறையிலிருந்து கென்னடி பாயிண்ட் துறைக்குச் செல்கிறது. காருக்கான இடத்தை முன்பதிவு செய்ய வேண்டும், செலவும் அதிகம். ஓட்டுபவரின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே உங்கள் கணவர் சுவைத்துப் பார்க்க விரும்பினால் கார் சுமையாகிவிடும். நகர மையத்திலிருந்து புறப்படும் பயணிகள் ஃபெர்ரி சுமார் நாற்பது நிமிடங்களில் மட்டியாட்டியா துறையை அடைகிறது. துறை வாசலிலேயே பேருந்து நிற்கும். போகும்போது இடப்பக்கம் அமர்ந்தால், ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வெடித்தெழுந்த ராங்கிட்டோட்டோ எரிமலைத் தீவை அருகில் பார்க்கலாம். மேல்தளத்தில் காற்று பலமாக அடிக்கும் என்பதால் பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் தேவை.

ஐந்து தோட்டங்கள் வேண்டாம், ஒன்று போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. துறைக்கு அருகிலுள்ள தோட்டங்கள் மேட்டில் இருப்பதால் உங்கள் மாமியாரின் முழங்காலுக்கு அவை ஒத்துவராது. ஒனெடாங்கி சாலையில் ஸ்டோனிரிட்ஜ், டான்டலஸ், டே மோட்டு ஆகிய தோட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. ஸ்டோனிரிட்ஜில் 1982-ஆம் ஆண்டில் கொடி நட்டார்கள். அறுவடைக் காலத்தில் எல்லோரும் வேலையில் மூழ்கியிருப்பார்கள் என்பதால், இரண்டு வாரங்களுக்கு முன்பே ஒரு தோட்டத்துக்கு மின்னஞ்சல் எழுதி, இந்தியாவிலிருந்து ஒரு திராட்சை விவசாயி வருகிறார், கொடிகளைக் கவனிப்பவரோடு கால் மணி நேரம் பேச முடியுமா என்று கேளுங்கள். பன்னீர் திராட்சை என்றால் அவர்களுக்குப் புரியாது. மஸ்கட் ஹாம்பர்க் என்று குறிப்பிடுங்கள், 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுமதியின்றி வரிசைகளுக்குள் இறங்க வேண்டாம் என்று உங்கள் மாமனாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். செருப்பில் ஒட்டிய மண் வழியாகப் பூச்சியும் நோயும் பரவும் என்பதை ஒரு விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை.

தோட்ட உணவகத்தில் நாலு பேருக்குச் சைவம் தேடி அலைவதைவிட, புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு ஒனெடாங்கி கடற்கரைக்குப் போய்விடுங்கள். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளமான அந்த மணற்கரையில் மாமியார் நிம்மதியாக அமர்ந்திருக்கலாம். மார்ச்சிலும் அங்கே வெயில் தோலைச் சுட்டுவிடும் என்பதால் தொப்பியோ குடையோ அவசியம். தீவின் பெரும்பகுதியில் குழாய்நீர் விநியோகம் கிடையாது. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்துத்தான் வாழ்கிறார்கள். குடிக்கும் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

வார இறுதியில் போகாதீர்கள். கோடைக்கால ஞாயிறுகளில் மாலை ஃபெர்ரிக்கு மட்டியாட்டியாவில் நிற்கும் நீண்ட வரிசையில் உங்கள் மாமியாரை நிறுத்திவைக்க முடியாது. அதே சமயம் வாரத்தின் முதல் நாட்களில் சில தோட்டங்கள் மூடியிருக்கக்கூடும் என்பதால், புதன் அல்லது வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்து, தோட்டம் திறந்திருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். காலை ஒன்பது மணியளவில் புறப்பட்டு, பிற்பகல் நான்கு மணிக்கு முன் துறைக்குத் திரும்பிவிடுங்கள். கம்பத்துப் பந்தலின் படங்கள் சிலவற்றை மாமனாரின் கைபேசியில் எடுத்துவரச் சொல்லுங்கள். பந்தலில் கொடி வளர்ப்பதைப் பார்த்திராத தோட்டக்காரர்கள், அவர் கேட்கும் கேள்விகளைவிட அதிகமாக அவரிடம் கேட்பார்கள்; மொழிபெயர்க்க நீங்கள் அவர் அருகிலேயே நில்லுங்கள்.