டோரோவீப் பயணம்: நல்ல வெளிச்சமும் சமையல் நேரமும் ஒன்றாக வரும்போது

கேள்வி: நாங்கள் பீனிக்ஸில் வசிக்கும் தம்பதி. கிராண்ட் கேன்யனின் டோரோவீப் விளிம்பில் கூடாரம் அடித்துத் தங்கிப் படம் எடுக்க வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. ஜூன் மாதம், ஒரு வார இறுதியில், வாடகை எஸ்யூவியில் போய் ஓர் இரவு தங்கி வரலாம் என்கிறார். எனக்கும் வெட்டவெளியில் தங்குவது பிடிக்கும். ஆனால் சென்ற முறை வேறோர் இடத்தில், பொழுது சாயும் நேரம் பார்த்து அவர் கேமராவோடு போய்விட்டார். கூடாரம், அடுப்பு எல்லாம் என் தலையில் விழுந்தன. திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இந்த இடம் எங்களுக்குச் சரிப்படுமா? என்ன தயாரிப்பு வேண்டும்? எந்த லென்ஸ் எடுத்துப் போவது என்று அவர் கேட்கச் சொன்னார்.

பதில்: தாராளமாகச் சரிப்படும். ஆனால் ஜூன் மாதம், ஓர் இரவு, வாடகை எஸ்யூவி ஆகிய மூன்றையும் மாற்றிக்கொள்ளுங்கள். லென்ஸ் பற்றிப் பிறகு சொல்கிறேன். அங்கே போய்ச் சேரும் வரை அதற்கு வேலையில்லை.

டோரோவீப் இருப்பது தேசியப் பூங்காவின் வடமேற்குப் பகுதியில். பூங்கா நிர்வாகம் அந்த வட்டாரத்தை டுவீப் என்று குறிப்பிடும். அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். இதுவும் வடக்கு விளிம்பு என்பதால், 2025 ஜூலையில் தீயில் அழிந்துபோன விடுதி இருந்த இடத்தோடு சிலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு, வெகு கிழக்கே இருக்கிறது. டுவீப்பில் விடுதியும் இல்லை, கடையும் இல்லை, குடிநீர்க் குழாயும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. இருப்பது ஒன்பது சிறு முகாமிடங்களும் ஒரு குழு முகாமிடமும் கழிப்பறையும்தான். அங்கிருந்து ஒரு மைல் போனால் விளிம்பு. தெற்கு விளிம்பில் நிற்பவர்களுக்குக் கொலராடோ ஆறு எங்கோ அடியில் விட்டுவிட்டுத்தான் தெரியும். இங்கோ எதிர்ச்சுவர் ஒரு மைலுக்குள் நிற்கிறது. ஆறு நேர்கீழே, ஏறக்குறைய 3,000 அடி ஆழத்தில் ஓடுகிறது. காற்று ஓய்ந்த வேளையில், கீழே லாவா ஃபால்ஸ் என்ற நீர்விரைவின் இரைச்சல் மேலே கேட்கும். தென்மேற்கில் கரிய கூம்பாகத் தெரிவது வல்கன்ஸ் துரோன் என்ற எரிமலை மேடு. இந்த வட்டாரத்து எரிமலைக் குழம்பு பள்ளத்தாக்கில் வழிந்து, பல முறை ஆற்றையே அணைபோல் மறித்திருக்கிறது.

இனி வண்டி. பீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப், ஜேக்கப் லேக் வழியாக ஃபிரிடோனியா சுமார் 340 மைல், நல்ல சாலை. அந்த ஊருக்கு மேற்கே எட்டு மைல் தாண்டித் தெற்கே பிரியும் மண்சாலை 61 மைல். முதல் பகுதி ஆளை ஏமாற்றும் அளவுக்குச் சீராக இருக்கும். பூங்காவுக்குள் நுழைந்தபின், கடைசி இரண்டு மூன்று மைல் படிக்கட்டுப் பாறை. வயிறு தாழ்ந்த வண்டிகள் அங்கேதான் சிக்குகின்றன. இங்கே வருபவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு டயர் பஞ்சராகிறது என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. வண்டி நின்றுபோனால், இழுத்துவரும் கூலி ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்சாலையைத் தடை செய்திருக்கும். காப்பீடும் அங்கே கைகொடுக்காது. ஆகவே மண்சாலையில் ஓட்டலாம் என்று எழுத்தில் அனுமதி தரும் நிறுவனத்திடம், தரையிலிருந்து நல்ல உயரமும் கனமான டயர்களும் உள்ள வண்டியை எடுங்கள். ஸ்டெப்னி முழு அளவுள்ளதாக இருக்க வேண்டும். பல வாடகை வண்டிகளில் தட்டுபோல் மெல்லிய தற்காலிகச் சக்கரம்தான் கிடக்கும். எடுக்கும்போதே பின்கதவைத் திறந்து பார்த்துவிடுங்கள். ஜாக்கி, பஞ்சர் ஒட்டும் செட், பேட்டரியில் ஓடும் சிறு காற்று கம்ப்ரசர் ஆகிய மூன்றும் கட்டாயம். மண்சாலை தொடங்கும் இடத்தில் டயர்க் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, மெதுவாக ஓட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பெட்ரோலை ஃபிரிடோனியாவிலோ பக்கத்து ஊரான கனாபிலோ நிரப்புங்கள். அதற்கப்புறம் எதுவும் கிடையாது.

கனாப் இருப்பது யூட்டாவில். கோடைக்கால நேரமாற்றத்தை யூட்டா கடைப்பிடிக்கிறது, அரிசோனா கடைப்பிடிப்பதில்லை. அந்த எல்லையில் உங்கள் செல்போன் யூட்டா கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னால் தாவிவிடும். சூரிய உதயத்துக்கு அலாரம் வைப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. நேரத்தைப் பீனிக்ஸுக்குக் கைமுறையாக நிலைநிறுத்திவிடுங்கள்.

ஜூன் ஏன் வேண்டாம்? வெயில் 38 டிகிரியைத் தாண்டலாம், முகாமில் நிழல் மிகக் குறைவு. அதைவிட முக்கியம், ஜூனில் விடிவது ஐந்தேகால் மணி வாக்கில். இரவு வானத்தில் எடுக்க வேண்டிய பால்வெளியோ நள்ளிரவையொட்டித்தான் உச்சத்துக்கு வரும். படம் எடுப்பவர் தூக்கத்தைத் தொலைப்பார், பகலில் கூடாரத்துக்குள் படுத்து அதை ஈடுகட்டவும் முடியாது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை பருவமழை. களிமண் சாலை நனைந்தால் வண்டி சறுக்கும், காட்டாறுகள் திடீரென்று பெருகும். ஏப்ரலில் வானிலை இதமானது, ஆனால் பால்வெளியின் மையம் பின்னிரவில்தான் எழும்.

நான் சொல்வது அக்டோபர் நடு, அமாவாசையை ஒட்டிய நாட்கள். அப்போது விடிவது ஏறக்குறைய 6.40, பொழுது சாய்வது ஆறு மணிக்குச் சற்று முன்பு. ஏழரை வாக்கில் முழு இருட்டு. அந்நேரம் பால்வெளியின் மையம் தென்மேற்கே தாழ்வாக, ஏறக்குறைய வல்கன்ஸ் துரோன் இருக்கும் பக்கமாக நிற்கும். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒன்பது மணிக்கு இருவரும் படுக்கலாம். தம்பதியாகப் போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான மாதம் இல்லை. இரவில் வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். குளிர் தாங்கும் ஸ்லீப்பிங் பேக்கும் கம்பளித் தொப்பியும் வேண்டும்.

உங்கள் கேள்வியின் அடிநாதத்துக்கு வருகிறேன். சென்ற முறை நடந்ததை அவருடைய பொறுப்பின்மை என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். நிலக்காட்சிப் படத்துக்கு உகந்த வெளிச்சம் விடிவதற்கு முன்பின் முக்கால் மணி, சாய்வதற்கு முன்பின் முக்கால் மணி. அடுப்புப் பற்றவைக்கவும் கூடாரம் அடிக்கவும் வழக்கமாக வாய்க்கும் நேரமும் அதுவே. அட்டவணையை மாற்றாமல் மனிதரை மாற்றப் பார்த்தால் சண்டைதான் மிஞ்சும்.

ஆகவே வீட்டு வேலை முழுவதையும் நடுப்பகலுக்குத் தள்ளிவிடுங்கள். முதல் நாள் பீனிக்ஸிலிருந்து கனாப் வரை மட்டும். அறை எடுத்துத் தூங்குங்கள். மறுநாள் காலையில் மண்சாலை, மதியத்துக்குள் முகாம். கூடாரம் மூன்று மணிக்குள் நின்றாக வேண்டும். அதுவரை கேமராப் பை வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது உங்கள் நிபந்தனையாக இருக்கட்டும். சூடான சாப்பாடு மதியம் ஒரு வேளை போதும். மாலைக்கு வீட்டிலிருந்தே புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு கொண்டுபோய்விடுங்கள். அடுப்பே தேவையில்லை. இருட்டியபின் தலைவிளக்கு வெளிச்சத்தில் இருவரும் உட்கார்ந்து சாப்பிடலாம். முதல் நாள் கட்டிய புளியோதரை மறுநாள் மாலை இன்னும் நன்றாகத்தான் இருக்கும். எண்ணெயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். காபி விஷயத்திலும் ஒரு வழி உண்டு. மாலை நான்கு மணிக்கே டிகாக்ஷன் இறக்கி மூடிவையுங்கள், படுக்குமுன் நல்ல பிளாஸ்கில் வெந்நீர் நிரப்புங்கள். விடியற்காலையில் பால்பவுடரோடு கலந்துகொண்டால், விளிம்பில் நின்றே குடிக்கலாம். அவர் தனியாகப் போய் எடுப்பதைவிட நீங்களும் உடன் போவதே நல்லது. கூட இன்னொருவர் இருப்பதுதான் அந்த இருட்டில் பாதுகாப்பு. பகல் பயணிகள் பொழுது சாய்ந்து அரை மணிக்குள் வெளியேற வேண்டும் என்பதால், மாலைக்கு மேல் அங்கே கூட்டம் இராது.

இரண்டு இரவு தங்கச் சொல்வதும் இதற்காகத்தான். ஒரே ஒரு மாலையும் ஒரே ஒரு காலையும் மட்டும் இருந்தால், மேகம் கெடுத்துவிடுமோ என்ற பதற்றத்தில் அவர் எதையும் அனுபவிக்க மாட்டார், உங்களையும் விடமாட்டார். இரண்டாம் நாள் பகல் முழுவதும் ஓய்வு. முகாமுக்கு அருகிலிருந்து சாடில் ஹார்ஸ் என்ற சுற்றுப்பாதை தொடங்குகிறது, எளிய நடை. ஆற்றுக்கு இறங்கும் லாவா ஃபால்ஸ் பாதையை யார் புகழ்ந்தாலும் போகாதீர்கள். அது செங்குத்தான எரிமலைக்கல் சரிவு.

சரி, லென்ஸ். முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமரா என்றால் 16-35 மில்லிமீட்டர் ஒன்று, 70-200 ஒன்று. ஆறும் காலடிப் பாறையும் ஒரே படத்தில் வர 20 மில்லிமீட்டர் அளவுக்கு அகலம் வேண்டும். எதிர்ச்சுவரின் அடுக்குகளைத் தனியே பிரித்தெடுக்க நீள லென்ஸ். மூன்றாவதை வீட்டில் வைத்துவிடுங்கள். அங்கே தூசி மாவுபோலப் பறக்கும், லென்ஸை மாற்ற மாற்ற சென்சாரில் புள்ளி விழும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் மாற்றலாம்.

காலையில் ஆறு வந்துசேரும் கிழக்குத் திசையையும், மாலையில் அது போகும் மேற்குத் திசையையும் பார்த்து எடுப்பது வழக்கம். பலர் சூரியன் தலைகாட்டும் கணத்துக்குக் காத்திருக்கிறார்கள். அந்தக் கணத்தில் வானம் வெளுத்துவிடும், ஆறு கறுத்துவிடும். இரண்டையும் சென்சார் ஒருசேரத் தாங்காது. அதற்கு இருபது நிமிடம் முன்பே கீழ்வானத்தின் இளஞ்சிவப்பு சுவர்களில் பட்டு, நிழலே இல்லாத ஒரு மென்மை பள்ளத்தாக்கு முழுவதும் பரவியிருக்கும். நல்ல படம் பெரும்பாலும் அப்போதுதான் கிடைக்கிறது. ஆறு மணிக்கே டிரைபாட் நின்றிருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100, எஃப் 11, ஃபோகஸ் ஏறக்குறைய ஒன்றரை மீட்டரில்; 20 மில்லிமீட்டரில் அருகும் தொலைவும் தெளிவாக வரும். நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்துங்கள். தானியங்கியில் விட்டால் கேமரா அந்தச் செம்மையைக் குறை என்று நினைத்துத் திருத்திவிடும். சூரியன் வந்தபின் ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில், இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படமாக எடுத்துக்கொண்டு (பிராக்கெட்டிங்), வீட்டில் இணைக்கலாம். இரவுக்கு எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200 அல்லது 6400, பதினைந்து விநாடி. கிராண்ட் கேன்யன் 2019இல் சர்வதேச இருள்வானப் பூங்காவாக முழு அங்கீகாரம் பெற்றது; அந்த இருட்டைக் கெடுக்காமல் சிவப்பு விளக்கு பயன்படுத்துங்கள். ட்ரோன் வேண்டாம், தேசியப் பூங்காக்களில் தடை.

விளிம்பைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அங்கே தடுப்புக்கம்பியை நம்பிப் போகாதீர்கள். பாறையின் ஓரம் சில இடங்களில் அடியில் குடைந்து, மேலே பலகைபோல நீண்டிருக்கும். நிற்பவருக்கு அது தெரியாது. டிரைபாட் நிற்கும் இடத்தை முந்தின நாள் பகலிலேயே இருவரும் சேர்ந்து பார்த்து, ஒரு சிறு அடையாளம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து ஓர் ஆள் நீளம் தள்ளியே நிற்பது, வ்யூஃபைண்டரில் கண் வைத்தபடி ஓர் அடிகூட எடுத்துவைக்காமல் இருப்பது: இவ்விரண்டிலும் சலுகை கிடையாது. பால்வெளியை விளிம்புக்குப் போய் எடுக்கத் தேவையே இல்லை, முகாமைச் சுற்றியுள்ள பாறைத் திட்டுகளே போதும். காற்று பலமாக அடித்தால் டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களை அகட்டித் தாழ்த்துங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டால் அது படபடத்துக் கேமராவை ஆட்டாது.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குடிக்க மட்டும். சமையல், கழுவல், வண்டி நின்றுபோனால் ஒரு நாள் கூடுதல் எல்லாம் சேர்த்து ஐந்து கேலன் கேன் இரண்டு கொண்டுபோங்கள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 38 லிட்டர். பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கியிருக்கும். அதில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சிறு இறால்கள் வாழ்கின்றன, கைகூட நனைக்க வேண்டாம். கருகியதுபோல மேடு பள்ளமாகத் தெரியும் மண்பரப்பு உயிருள்ளது. மிதித்தால் மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். உங்கள் காலும் டிரைபாட் காலும் பாறையிலேயே இருக்கட்டும். விறகு, கரி இரண்டுக்கும் அனுமதியில்லை, எரிவாயு அடுப்பு மட்டும். காக்கைகள் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை. உணவை வண்டிக்குள் பூட்டிவையுங்கள்.

அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். அங்கே போய் வாங்க முடியாது. தேதி உறுதியானதும் முதல் வேலை அதுவே. கிளம்புமுன் உறவினர் ஒருவரிடம் போகும் சாலை, திரும்பும் நாள், எத்தனை மணி வரை தகவல் வராவிட்டால் பூங்காவை அழைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுப்பது இன்னும் நல்லது. கடைசி நாள் காலையில் அவர் மீண்டும் விளிம்புக்கு ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குள் புறப்பட்டால்தான் மண்சாலையைப் பொறுமையாகக் கடந்து, தார்ச்சாலையில் ஏறுமுன் டயருக்குக் காற்று நிரப்பி, இருட்டுவதற்குள் பீனிக்ஸ் சேர முடியும்.