பாக்டீரியா தந்த பால்மமாக்கி: வெயில் தாங்கும், எலுமிச்சை தாங்காது

கேள்வி: குடியாத்தத்தில் மகளிர் குழுவாகத் தேங்காய் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, போர் தண்ணீர் சேர்த்துக் கிரீம் செய்கிறோம். கோடையில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கிறது. ‘பாக்டீரியா புரதம்’ என்று சோடியம் சர்ஃபாக்டின் தூளை ஒரு வியாபாரி காட்டுகிறார். விலை மிரட்டுகிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைய செய்முறைக்கு வேண்டாம். வாங்கினாலும் பிரியும்.

முதலில், இது ஒரு பால்மமாக்கி, அதாவது எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் பொருள். முழுப் புரதம் இல்லை. பேசிலஸ் சப்டிலிஸ் பாக்டீரியா தரும் 7 அமினோ அமிலங்களின் வளையம், அதில் ஒரு கொழுப்பமில வால். 1968-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. தண்ணீரின் பரப்பு இழுவிசையை (மேற்பரப்பை இறுக்கிப் பிடிக்கும் விசையை) 72-லிருந்து சுமார் 27 மில்லிநியூட்டன்/மீட்டருக்கு இறக்கிவிடும். முட்டை வெள்ளைக்கருபோல் சூட்டில் திரிந்துபோகாது. 121 டிகிரியில் வேகவைத்தாலும் வேலை செய்யும். வேலூர் வெயில் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அதன் எதிரி புளிப்பு. எலுமிச்சை சேர்ந்து பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு) இறங்கினால் கரையாமல் படிந்துவிடும். தொழிற்சாலையில் இதைப் பிரித்தெடுப்பதே அமிலம் ஊற்றித்தான். நம் ஊர் கடின நீரிலுள்ள கால்சியமும் அதைப் பற்றிக்கொள்ளும். பி.எச். 7 அளவில், காய்ச்சி வடித்த நீரில்தான் செய்ய வேண்டும். இன்னொரு சிக்கல்: சோடியம் பென்சோயேட் என்ற காப்புப்பொருள் புளிப்பில்தான் கிரீமைக் கெடாமல் காக்கும், இங்கே பயன்படாது. அதற்குப் பதில் ஃபீனாக்சிஎத்தனால் போடலாம், 1 சதவீதத்துக்கு மேல் கூடாது.

100 கிராம் சோதனைக்கு: தூள் அரை கிராம், கிளிசரின் 15 கிராம். கட்டியில்லாமல் குழைத்து, 50 கிராம் எண்ணெயைத் துளித்துளியாக விட்டுக் கலக்குங்கள். கெட்டியான பின்னரே, காப்புப்பொருள் கலந்த மீதி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் அங்கேயே முறியும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து, எண்ணெய்த் துளிகளைச் சுற்றியுள்ள படலத்தைக் கிழிக்கும். ஒரு சீசாவை ஃபிரிட்ஜிலும் வெயிலிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

வாங்கும்போது தூய்மைச் சதவீதத்துடன் பேட்ச் சான்று (அந்தத் தொகுதிச் சரக்கின் பரிசோதனைச் சான்று) கேளுங்கள். ‘பேசிலஸ் ஃபெர்மென்ட்’ என்று மட்டும் இருந்தால் அது வேறு சரக்கு. ஒரு சிட்டிகையை வடிநீரில் கரைத்து வினிகர் விடுங்கள்: தெளிவாகவே இருந்தால் ஷாம்பு வகை டிடர்ஜென்டாக இருக்கலாம். கலங்கினால் மட்டும் போதாது, சோப்பும் கலங்கும்; ஆனால் சோப்புக் கரைசல் பி.எச். தாளில் 9-க்கு மேல் காட்டும்.

விற்பனைக்கு என்றால், 2020 அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிமம் கட்டாயம். தூளுக்குச் செலவிடுமுன் அதை விசாரியுங்கள்.