தேங்காய் எண்ணெய் சாக்லேட் சென்னைல ஏன் நிக்க மாட்டேங்குது?

வேளச்சேரில இருந்து ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "வீட்ல ஓவன் கிடையாது. பசங்க ரெண்டு பேர், 7 வயசும் 11 வயசும், தினமும் சாக்லேட் வேணும்னு நிக்கறாங்க. வீடியோ பாத்து தேங்காய் எண்ணெய், கோகோ பவுடர், தேன் மூணும் கலந்து ஃப்ரிட்ஜ்ல வெச்சேன், அழகா செட் ஆச்சு, ஸ்நாக்ஸ் டப்பால போட்டு அனுப்பினா இன்டர்வெல்ல தொறக்கும்போது குழம்பா இருந்துச்சாம். அடுத்த தடவை டார்க் சாக்லேட் உருக்கி நாட்டு சக்கரைப் பாகு ஊத்தினேன், மண்ணு மாதிரி திரிஞ்சு போச்சு. எங்க தப்பு பண்றேன்? மாமனாருக்கு சுகர் இருக்கு, நாட்டு சக்கரை போட்டா அவரும் சாப்பிடலாமா?"

நீங்க தப்பே பண்ணலை மேடம், ரெசிபிதான் வேற ஊருக்கு எழுதினது. தேங்காய் எண்ணெய் உருகறது கிட்டத்தட்ட 24 டிகிரில. நம்ம வீட்ல எண்ணெய் பாட்டில் எப்ப உறையும்னு யோசிச்சுப் பாருங்க, மார்கழி மாசம் விடியக்காலைல லேசா வெள்ளையா ஆகும், பல் தேய்ச்சுட்டு வர்றதுக்குள்ள திரும்ப தண்ணியாயிடும், மத்த பதினொரு மாசமும் அது தண்ணிதான். ஜனவரில ரூம் டெம்பரேச்சரே 18, 20 டிகிரி இருக்கற ஊர்ல ஒருத்தர் தேங்காய் எண்ணெய் ஊத்தி சாக்லேட் பண்ணி மேஜை மேல வெச்சா அது கல்லு மாதிரி நிக்கும், இங்க ஸ்கூல் பையில நாலாவது பீரியட் வரைக்கும் அதே நிக்கணும்னா எப்படி நிக்கும்?

சரி, கடை சாக்லேட் மட்டும் எப்படி நிக்குதுன்னு கேட்டா, நிஜ சாக்லேட்டுல இருக்கற கோகோ பட்டர் சுமார் 34 டிகிரில உருகும், அதனாலதான் வாயில போட்டதும் கரையுது, நம்ம உடம்பு சூடு அதுக்குக் கொஞ்சம் மேல. ஆனா அந்த 34ல உருகற பதத்துக்கு வரணும்னா டெம்பரிங்னு ஒண்ணு பண்ணணும், 45, 50 டிகிரி வரைக்கும் உருக்கி, 27, 28க்கு இறக்கி, திரும்ப 31, 32க்கு ஏத்தணும். உங்க சமையல்கட்டே மே மாசம் 34ல இருக்கும்போது எங்க இருந்து 27க்கு இறக்கறது, ஏசி ரூம்ல உக்காந்து கலக்கினாதான் உண்டு. நானே ஃபுட் டெக்னாலஜி படிச்ச திமிர்ல ஒரு தடவை கத்திரி வெயில்ல சொந்தக்காரங்க வீட்டு சீமந்தத்துக்கு நூத்தம்பது பீஸ் பண்ணி எடுத்துட்டுப் போனேன், ஆட்டோல இருந்து இறங்கும்போது மொத்த ட்ரேவும் ஒரே பீஸ். அதுக்கப்பறம் வெயில் காலத்துல டெம்பரிங் பக்கமே போறதில்லை. (கடைல கிலோ கணக்குல விக்கற 'டார்க் கம்பவுண்ட்' டெம்பரிங் இல்லாமலே நல்லா நிக்கும், ஏன்னா அதுல கோகோ பட்டருக்கு பதிலா கெட்டிப்படுத்தின வெஜிடபிள் ஃபேட் இருக்கும். நீங்க ஹெல்தியா வேணும்னு கேக்கறீங்க, அதனால அதை விட்டுடலாம்.)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சாக்லேட்டை ஒண்ணா புடிச்சு வெக்கற வேலையை கொழுப்புகிட்ட குடுக்காதீங்க, பேரீச்சம்பழத்துகிட்டயும் பொட்டுக்கடலைகிட்டயும் குடுங்க. பேரீச்சையோட பிசுபிசுப்பு 24லயும் உருகாது 40லயும் உருகாது, பொட்டுக்கடலை மாவு மிச்ச ஈரத்தை இழுத்துக்கும், அதோட நார்ச்சத்தும் புரோட்டீனும் தானா உள்ள வந்துடும். வெயில்ல நிக்கறதும் உடம்புக்குக் கொஞ்சம் நல்லதா இருக்கறதும் ஒரே மாத்தத்துல நடக்குது, அதான் இதுல எனக்குப் புடிச்சதே.

அளவு சொல்றேன். கொட்டை எடுத்த பேரீச்சை 200 கிராம், வறுத்து தோல் நீக்கின வேர்க்கடலை 100 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், இனிப்பு சேக்காத கோகோ பவுடர் 30 கிராம், ரெண்டு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுடாதீங்க, அது இல்லைன்னா ஏதோ சத்து மாவு உருண்டை சாப்பிடற மாதிரிதான் இருக்கும், சாக்லேட் ருசியே எழுந்து வராது. பெரியவங்களுக்கு மட்டும் பண்றதா இருந்தா முதல் டிகாக்‌ஷன் ஒரு டீஸ்பூன் விடுங்க, காபி வாசனை தெரியாது, ஆனா கோகோ ரெண்டு மடங்கு போட்ட மாதிரி இருக்கும்.

முதல்ல பொட்டுக்கடலையை நைசா பொடிச்சு எடுத்து வெச்சுடுங்க. வேர்க்கடலை நல்லா ஆறினதுக்கப்பறம் சின்ன ஜார்ல விட்டு விட்டு சுத்துங்க, ஒரேயடியா ஓட விட்டா ஜார் சூடாகி கடலை எண்ணெய் விட்டு கூழாயிடும், கொரகொரன்னு இருந்தா போதும். வேர்க்கடலை வாங்கும்போது ஒரு கை எடுத்து மோந்து பாருங்க, பூஞ்சை வாசனை வந்தாலோ, சுருங்கி கறுத்த கடலை நிறைய இருந்தாலோ வேண்டாம், அதுல அஃப்ளடாக்சின்னு கல்லீரலுக்கு ஆகாத ஒரு விஷம் இருக்க வாய்ப்பிருக்கு, வறுத்தாலும் முழுசா போகாது.

பேரீச்சைலதான் எல்லாரும் சறுக்கறாங்க. கெட்டியா இருக்குன்னு தண்ணில ஊற வெச்சா மாவு தளர்ந்துடும், அதை சரிபண்ண இன்னும் பொட்டுக்கடலை போடுவீங்க, கடைசில ரெண்டு நாள்ல புளிச்ச வாசனை வரும். தண்ணியே வேண்டாம், இட்லி பானைல துணி போட்டு அஞ்சு நிமிஷம் ஆவி காட்டுங்க, ஆற வெச்சு மேல இருக்கற ஈரத்தை துணியால ஒத்தி எடுத்துட்டு அரைங்க. பாக்கெட்ல சீட்லெஸ்னு போட்டிருந்தாலும் ஒவ்வொண்ணா பிச்சுப் பாத்துடுங்க, ஒரே ஒரு கொட்டை உள்ள இருந்தா மிக்சி பிளேடு அவ்வளவுதான். மொத்தமா வாங்கறதா இருந்தா சவுகார்பேட்டை பக்கம் டிரை ஃப்ரூட்ஸ் கடைல விலை தணிவா கிடைக்கும், மெதுவா இருக்கற ரகமா கேளுங்க, பாகு ஊத்தி பளபளன்னு ஒட்டிக்கிட்டு இருக்கறதை எடுக்காதீங்க, அது சக்கரை மேல சக்கரை.

எல்லாத்தையும் கையால பிசைஞ்சு புடிச்சா 15 கிராம் அளவுல ஒரு 25 உருண்டை வரும். புடிக்க வரலைன்னா எண்ணெய் ஊத்தாதீங்க, இன்னும் ரெண்டு பேரீச்சை சேத்துக்கோங்க. மேல சாக்லேட் கோட்டிங் எதுவும் வேண்டாம், வறுத்த எள்ளுல பொரட்டுங்க, இல்ல கொப்பரைத் துருவல்ல. பச்சைத் தேங்காய் மட்டும் போட்டுடாதீங்க, நம்ம ஊர் சூட்டுக்கு சாயங்காலமே ஊசிடும். டப்பால வெளிய வெச்சா ரெண்டு மூணு நாள் தாங்கும், ஃப்ரிட்ஜ்ல ரெண்டு வாரம்.

நார்மலா ஒரு உருண்டைல சுமார் 55 கலோரி வரும், சக்கரை 5 கிராமுக்குக் கொஞ்சம் மேல, புரோட்டீன் 2 கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. கடைல வாங்கற மில்க் சாக்லேட்டுல பாதிக்குப் பாதி சக்கரைங்க, 40 கிராம் பாருன்னா 20 கிராம் சக்கரை உள்ள போகுது. உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன கணக்குப்படி சேத்துக்கற சக்கரை ஒரு நாளோட மொத்த கலோரில 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 5 சதவீதத்துக்குள்ளன்னா இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடற பெரியவங்களுக்கே அந்த 5 சதவீதம் 25 கிராம்தான், உங்க ஏழு வயசுக்கு அதுக்கும் கீழ. முழுப் பழத்துல இருக்கறது அந்தக் கணக்குல வராதுன்னாலும், பேரீச்சைன்னா இஷ்டத்துக்கு சாப்பிடலாம்னு அர்த்தம் இல்லை, எடைல மூணுல ரெண்டு பங்கு சக்கரைதான். பசங்களுக்கு ரெண்டு உருண்டை, அதுக்கு மேல கேட்டா டப்பா காலின்னு சொல்லிடுங்க.

நாட்டு சக்கரைக்கு வருவோம், இதுல நிறைய பேர் என்கிட்ட கோவிச்சுக்கறாங்க. வெல்லம், நாட்டு சக்கரை, கருப்பட்டி எல்லாத்துலயும் பெரும்பகுதி சக்கரைதான், ரத்தத்துல ஏத்தற விஷயத்துல வெள்ளை சக்கரைக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் பாக்க முடியாது. இரும்புச்சத்து இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, ஆனா நாம போடறது பத்து கிராம், அதுல வர்ற இரும்பை நம்பி யாருக்கும் ரத்தம் ஊறப்போறதில்லை. ருசிக்குப் போடுங்க, கருப்பட்டியும் கோகோவும் சேந்தா வர்ற அந்தப் புகை வாசனை எனக்கு ரொம்பப் புடிக்கும், ஆனா மருந்துன்னு நினைச்சுப் போடாதீங்க.

உங்க டார்க் சாக்லேட் திரிஞ்சதுக்குக் காரணமும் பாகுதான், அதுல இருக்கற தண்ணி. உருகின சாக்லேட்னா கொழுப்புக்குள்ள சக்கரைத் தூளும் கோகோத் தூளும் மிதந்துக்கிட்டு இருக்கு, ரெண்டு சொட்டு தண்ணி பட்டா போதும் அந்தத் தூளெல்லாம் ஈரமாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பாக்கறதுக்கு மண்ணு மாதிரி. இதுல வேடிக்கை என்னன்னா கொஞ்சம் தண்ணி கெடுக்கும், நிறைய தண்ணி காப்பாத்தும். 100 கிராம் சாக்லேட்டுக்கு குறைஞ்சது ரெண்டு டேபிள்ஸ்பூன் சூடான பால், ஒவ்வொரு ஸ்பூனா விட்டு வேகமா கலக்குங்க, திரும்ப வழவழன்னு ஆயிடும், பார் ஆகாது, சாஸ்தான், தோசைக்குத் தொட்டுக்கூட பசங்க சாப்பிடுவாங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்சு ரெண்டு மூணு நாள்ல முடிச்சுடுங்க. அடுத்த தடவை கிண்ணம், கரண்டி ரெண்டும் எலும்பு மாதிரி காஞ்சிருக்கணும், கொதிக்கற தண்ணி மேல கிண்ணம் வெச்சு உருக்கும்போது மேல மூடி போடாதீங்க, மூடில இருந்து சொட்டற ஆவித் தண்ணியே கெடுத்துடும்.

மாமனார் விஷயம். இந்த பேரீச்சை உருண்டையை அவர் சாப்பிடலாமான்னா, சாப்பிடலாம், ஒண்ணு, அதுவும் வெறும் வயித்துல வேண்டாம், மதியச் சாப்பாட்டுல சோறை ஒரு கரண்டி குறைச்சுட்டு அதுக்கப்பறம். வீட்ல குளுக்கோமீட்டர் இருந்தா ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை பாத்துடுங்க, அவர் உடம்பு எப்படி எடுத்துக்குதுன்னு அதுதான் சொல்லும். அவருக்குன்னு தனியா பண்றதா இருந்தா பேரீச்சையை பாதியா குறைச்சு, வேர்க்கடலையை கொஞ்சம் எண்ணெய் விடற வரைக்கும் அரைச்சு சேருங்க, அந்த வெண்ணெய்ப் பதமே புடிச்சுக்கும், கசப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும், காபி குடிக்கறவருன்னா புடிக்கும். கிட்னி பிரச்சினை ஏதாவது இருந்தா மட்டும் டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க, பேரீச்சை, கடலை, கோகோ மூணுலயுமே பொட்டாசியம் ஜாஸ்தி. கடைல 'சுகர் ஃப்ரீ'ன்னு விக்கற சாக்லேட்டும் வாங்கி வெக்காதீங்க, நிறைய பிராண்டுல மால்டிட்டால்னு சக்கரைக்கு பதிலா ஒரு இனிப்பு போடறாங்க, அது ரத்த சக்கரையை கொஞ்சம் ஏத்தவும் செய்யும், நாலு துண்டு சேந்தாப்புல சாப்பிட்டா வயித்தைக் கலக்கி விட்டுடும். இன்னொண்ணு, மாத்திரையோ இன்சுலினோ எடுத்து அவருக்கு சுகர் திடீர்னு இறங்கி வேர்த்து நடுங்கினா அப்ப சாக்லேட் குடுக்கக் கூடாது, எதுவா இருந்தாலும். கொழுப்பு இருக்கறதால சக்கரை ரத்தத்துல சேர லேட்டாகும். குளுக்கோஸ், இல்லைன்னா சக்கரைத் தண்ணி, அதுதான்.

கோகோ பவுடர் எதை வாங்கறதுன்னு நீங்க கேக்கலை, ஆனாலும் சொல்லிடறேன். பாக்கெட்டைத் திருப்பி இன்கிரீடியன்ட்ஸ் பாருங்க, கோகோ மட்டும் இருந்தா நேச்சுரல், கூட 'அசிடிட்டி ரெகுலேட்டர்' 500, 501ன்னு நம்பர் போட்டிருந்தா அது காரம் (ஆல்கலி, மிளகாய்க் காரம் இல்லை) சேத்து பதப்படுத்தினது, நிறம் கறுப்பா அழகா இருக்கும், கசப்பும் கம்மி, ஆனா கோகோல நல்லதுன்னு சொல்ற ஃப்ளேவனால் நிறைய போயிடும். டிரிங்கிங் சாக்லேட் வேற, அதுல சக்கரைதான் முதல் ஐட்டம், எடைல எது அதிகமோ அதைத்தான் லிஸ்ட்ல முன்னாடி போடணும்ங்கறது ரூல், அதை வெச்சே கண்டுபுடிச்சுடலாம்.

அவசரத்துக்கு வேற ஏதாவது வேணும்னா பட்டர் ஃப்ரூட் நல்லா கனிஞ்சது ஒண்ணு, நாலு பேரீச்சை, ரெண்டு ஸ்பூன் கோகோ, கொஞ்சம் பால், மிக்சில அடிச்சா மூஸ், ஸ்பூன்ல எடுத்து சாப்பிடற க்ரீம் மாதிரி. முட்டை போடற மூஸ் ரெசிபியெல்லாம் பச்சை முட்டை, நம்ம வீட்ல வேண்டாம். அதே மாதிரி ஓவன் இல்லாத குக்கீஸ்னு பச்சை மைதாவையோ கேழ்வரகு மாவையோ அப்படியே கலக்கறாங்க, எந்த மாவா இருந்தாலும் வாசனை வர்ற வரைக்கும் வறுத்துட்டுத்தான் சேக்கணும், பச்சை மாவுலயும் கிருமி இருக்கும். மாரி பிஸ்கட்டும் வெண்ணெயும் போடற ஃப்ரிட்ஜ் கேக் பத்தி ஒண்ணும் சொல்லலை, பிறந்தநாளைக்குப் பண்ணுங்க, ஹெல்தின்னு மட்டும் பேர் வெக்காதீங்க. அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தைங்க யாராவது வீட்டுக்கு வந்தா முழுக் கடலை எதுலயும் இருக்கக் கூடாது, தொண்டைல மாட்டிக்கும்.

அப்பறம் ஃப்ரிட்ஜ்ல அந்த தேங்காய் எண்ணெய் சாக்லேட் மிச்சம் இருக்கும்ல, தூக்கிப் போட்டுடாதீங்க. ஏலக்கி பழத்தை உரிச்சு, குச்சி குத்தி, ராத்திரி ஃப்ரீசர்ல வெச்சுடுங்க. மறுநாள் சாயங்காலம் அந்த சாக்லேட்டை ஒரு கிண்ணத்துல உருக்கி, பழத்தை முக்கி எடுத்தா பத்து செகண்டுல மேல ஓடு மாதிரி கட்டிக்கும், பழம் ஐஸா இருக்கறதால எண்ணெய் அங்கயே உறைஞ்சுடும். பசங்க ஸ்கூல் விட்டு வந்து யூனிஃபார்ம் மாத்தினதுக்கப்பறம் குடுங்க, சட்டைல சொட்டினா கறை போகாது.