நன்றாக இருக்கும் பிள்ளைக்கு எதற்கு ஊசி?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. 11 வயதில் ஒருமுறை தொண்டைவலி வந்து போனது. இரண்டு மூன்று வாரம் கழித்து காய்ச்சலோடு முதலில் முழங்கால், அப்புறம் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு என்று மாறி மாறி வீங்கியது. ருமாட்டிக் காய்ச்சல் என்றார்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனில், மைட்ரல் என்ற இதய வால்வில் லேசான கசிவு தெரிந்தது. அன்றிலிருந்து 21 நாளுக்கு ஒருமுறை இடுப்பில் பெனிசிலின் ஊசி. இப்போது ஓடியாடி நன்றாக இருக்கிறாள், ஆனால் ஊசி என்றாலே அழுகிறாள். “நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு இத்தனை ஊசி? நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?” என்கிறார் என் மாமியார். நிறுத்திவிடலாமா டாக்டர்?
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உங்கள் மகள் நன்றாக இருப்பதில் அந்த ஊசிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமிதான் அந்தத் தொண்டைவலிக்குக் காரணம். அதை எதிர்க்கக் கிளம்பும் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் மூட்டையும் இதய வால்வையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது. மூட்டு வீக்கம் வடு இல்லாமல் ஆறிவிடும். வால்வு அப்படி இல்லை. ஒருமுறை இந்தக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு, அடுத்த தொண்டைத் தொற்றில் மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தாக்குதலுக்கும் வால்வு தடித்து, சுருங்கி, இன்னும் கெடும். மறுதாக்குதல் வராமல் பார்த்துக்கொண்டால், லேசான கசிவு பல பிள்ளைகளுக்கு நாளடைவில் குறைந்து, மறைந்தும் போகிறது. இப்போது போடும் ஊசி பழைய நோய்க்கான மருந்து அல்ல. அடுத்த தொற்றைத் தொண்டையிலேயே தடுப்பதற்கானது.

எதற்கு 21 நாள்? இந்தப் பெனிசிலின் தசையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். மூன்று வாரம் தாண்டினால் அளவு இறங்கிவிடும். 21 நாள் என்றால் எப்போதும் ஒரே கிழமைதான் வரும். சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டால் பள்ளியும் கெடாது. பரீட்சை, திருவிழா குறுக்கிட்டால் இரண்டு நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள். தவறிவிட்டால் அடுத்த முறை பார்க்கலாம் என்று விடாமல் அன்றே போய்ப் போடுங்கள்.

வலி உண்மையானது. பிள்ளை அழுவதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். மருந்து பால்போல் கெட்டியாக இருக்கும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும், அதனால்தான் பெரிய ஊசி. எங்கள் ஊசி அறையில் ஒரு மூத்த செவிலியர் இருக்கிறார். கலக்கிய மருந்துக் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிக்கொண்டே பிள்ளையிடம் பள்ளிக்கதை கேட்பார். குப்பியின் குளிர் விட்டதும், குத்தும் இடத்தைக் கட்டைவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்துவார். பிறகு அவசரமே இல்லாமல் இரண்டு மூன்று நிமிடத்தில் மருந்தை ஏற்றுவார். அவர் கையால் போடும் அன்று பிள்ளைகள் அழுவது பாதியாகக் குறைகிறது. இப்படிச் செய்யச் சொல்லி நீங்களும் கேட்கலாம். மரத்துப்போக லிக்னோகெய்ன் கலந்து போடும் வழியும் உண்டு. அதை மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும். வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். அலர்ஜி அரிதுதான், ஆனாலும் அந்த அரைமணி முக்கியம்.

எத்தனை காலம்? உங்கள் மகளைப் போல இதயம் லேசாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு, கடைசித் தாக்குதலிலிருந்து 10 ஆண்டுகள் அல்லது 25 வயது, இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை. வால்வு மோசமாகக் கெட்டவர்களுக்கு இன்னும் நீளும்.

உங்கள் மாமியார் சொன்ன கல்யாணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என்னை மிகவும் வருத்தும் விஷயம் அதுதான். புகுந்த வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று, ஊசி போட்ட தேதிகளைக் குறித்துவைக்கும் நோட்டை அம்மா வீட்டுப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். கர்ப்பத்தில் ரத்த அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். வால்வு சுருங்கியிருந்தால் அந்த ரத்தத்துக்கு வழி போதாமல் நுரையீரலில் நீர் தேங்கும். ஏழாம் மாதத்தில், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று வந்து நிற்பார்கள். பெனிசிலின் குழந்தைப்பேற்றைக் கெடுக்காது. கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் போடலாம். நோட்டு உங்கள் மகளோடு போகட்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது. இதே நோயால் மைட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். புது வால்வு வந்த பிறகும் பெனிசிலின் ஊசி தேவையா? கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டும், பயமாக இருக்கிறது.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஊசி தேவைதான். மாற்றியது ஒரு வால்வு, மற்றவை உங்களுடையவை. பல் எடுக்கலாம். ஆனால் வாயிலுள்ள கிருமி ரத்தம் வழியாகப் போய் உலோக வால்வில் ஒட்டாமலிருக்க, முன்கூட்டியே ஒரு வேளை ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் பெனிசிலினிலேயே இருப்பதால் வேறு வகை மருந்து தருவார்கள். பல் மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைச் செய்து, அந்தச் சீட்டோடு முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள். பல்லுக்கு நாள் குறிப்பது அதன் பிறகு.