மொய் விருந்து போட்டு கிரெடிட் கார்டு கடனை அடைக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 26. ஊர் பேராவூரணி பக்கம், வேலை தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில். பிடித்தம் போகக் கைக்கு வருவது 24,000. ரூம் வாடகையில் என் பங்கு 3,000, மெஸ் 4,500, வண்டி இஎம்ஐ 3,400 (இன்னும் 14 மாதம் இருக்கிறது), போன் இஎம்ஐ 1,900 (இன்னும் 5 மாதம்), பெட்ரோல், பஸ் எல்லாம் சேர்த்து 2,200, வீட்டுக்கு 4,000, ரீசார்ஜ் 500. தீபாவளிக்கு 10,000 போனஸ் வரும். 1ஆம் தேதி ரூமுக்கே பிரியாணி என் செலவு, 12ஆம் தேதி ரூம்மேட்டின் ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக்கொண்டிருப்பேன். புது போன் எதற்கு என்று திட்டாதீர்கள். பழையது ஒரு மொய் விருந்தில் சட்டைப்பையிலிருந்து நழுவி ரச வாளிக்குள் விழுந்துவிட்டது, அரிசிக்குள் போட்டு வைத்தும் உயிர் வரவில்லை, மிளகு வாசனைதான் வந்தது.

போன ஆடி, ஆவணியில் ஞாயிறு தவறாமல் மொய் விருந்து. சாப்பிட்டுவிட்டு, விருந்து போட்டவருக்குப் பணம் எழுதிவிட்டு வர வேண்டும், நாம் போடும்போது அவர் திருப்பிச் செய்வார். ஒரு ஞாயிறு மூன்று இடம்! முதல் பந்தியிலேயே முட்டச் சாப்பிட்டுவிட்டதால் மூன்றாவது இடத்தில் கறிக்குழம்பைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன், பரிமாறியவர் "தம்பிக்கு என்ன கோவம்?" என்று கேட்டார். இன்னொரு இடத்தில் 500 எழுதலாம் என்று போனால், மொய் எழுதுகிற அண்ணன் பழைய நோட்டைப் புரட்டி, "உங்கப்பாவுக்கு இவங்க அஞ்சாயிரம் செஞ்சிருக்காங்களே" என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நேரே ஏடிஎம்முக்கு ஓடி கிரெடிட் கார்டில் எடுத்து வந்து செய்தேன். அப்பாவிடம் கேட்டால் "தேங்காய் வெட்டுனதும் தர்றேன்" என்பார். இப்படியே கார்டில் 58,000 நிற்கிறது. மாதம் மினிமம் 2,900 கட்டுகிறேன், குறைவேனா என்கிறது.

தாய்மாமா, "வர்ற ஆடியில உன் பேருல ஒரு விருந்தப் போடு மாப்ள, மூணு லட்சம் நிச்சயம். கார்டையும் அடைச்சு, செகண்ட் ஹேண்ட்ல ஒரு காரும் எடுத்துரலாம்" என்கிறார். நான் இதுவரை ஊரில் செய்த மொய் 70,000 இருக்கும். அம்மாவிடம் ஒரு சங்கிலி இருக்கிறது, அதைக் கேட்க வாய் வரவில்லை. விருந்து போடலாமா?

பதில்: தம்பி, இந்த ஆடியில் வேண்டாம். காரும் வேண்டாம்.

மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி பக்கமெல்லாம் மொய்ப் பணத்தில் போர் போட்டவர்கள் உண்டு, கடை வைத்தவர்கள் உண்டு, மகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, வட்டியும் கிடையாது. ஒரு நோட்டும் ஊரார் நம்பிக்கையும்தான். அந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன். மதிப்பதால்தான் சொல்கிறேன், அது கடன். வட்டியில்லாத கடன் என்றாலும் கடன்தான், அதை எந்தத் தேதியில் திருப்புவது என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது, பத்திரிகை வைக்கிற ஆள்தான் முடிவு செய்வார்.

மாமா சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்று லட்சம் வருகிறது. நீங்கள் செய்த 70,000 அதில் திரும்பி வந்தது, அது உங்கள் பணம். மீதி 2,30,000 மற்றவர்கள் புதிதாக உங்களுக்குச் செய்தது. பந்தல், பத்திரிகை, ஆட்டுக்கறி, சமையல்காரர், ஃப்ளெக்ஸ் எல்லாம் மூன்று லட்சத்திலிருந்துதான் போகும், நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் போட்டாலும் உங்கள் பங்கு என்று ஒரு கனமான தொகை இருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒரு விருந்து என்பது உங்கள் பக்கத்து வழக்கம், அப்படியென்றால் அந்த 2,30,000 ஐந்து வருடத்துக்குள் திரும்பப் போக வேண்டும், வருடத்துக்கு 46,000. அதுவும் பெரும்பாலும் ஆடியிலும் ஆவணியிலும். உங்கள் இரண்டு மாதச் சம்பளமே 48,000! மெஸ்ஸுக்கும் வாடகைக்கும் அந்த இரண்டு மாதம் என்ன செய்வீர்கள்? மறுபடி அதே ஏடிஎம், அதே கார்டு. வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் செய்கிற வழக்கத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை.

மொய் விருந்து யாருக்குப் பொருந்தி வந்தது என்று பாருங்கள். நெல் அறுத்துப் போட்டால், தேங்காய் வெட்டினால் மொத்தமாகக் காசு பார்க்கிறவர்கள் மொத்தமாக வாங்கி மொத்தமாகச் செய்தார்கள். உங்களுக்கு மாதா மாதம் அளந்து வருகிறது.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். அந்த 5,000 அப்பாவுக்கு வந்த மொய், அதைத் திருப்பியது நீங்கள், அதுவும் கார்டில். அது அப்பாவின் பழைய கணக்கை நேர் செய்துவிட்டது, உங்கள் பேரில் எதுவும் ஏறவில்லை, நாளை உங்கள் விசேஷத்துக்கு அந்த 5,000 வராது. ஆகவே நீங்கள் சொல்லும் 70,000இல் எவ்வளவு உங்கள் பேரில் எழுதப்பட்டது, எவ்வளவு அப்பாவுக்காகப் போனது என்று முதலில் பிரிக்க வேண்டும். பாதி அப்பா கணக்காக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் மொய் நோட்டை எடுத்து வைத்து அப்பாவோடு உட்காருங்கள். ஊர் ஊராகத் தலைப்புப் போட்டு, இன்னார் மகன் இன்னார் என்று எழுதி, எதிரே தொகை இருக்கும். பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள் (ரச வாளிப் பக்கம் போக வேண்டாம்). பிறகு ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: அப்பா திருப்ப வேண்டியது, அப்பாவுக்கு வர வேண்டியது, உங்களுக்கு வர வேண்டியது. நாலாவதாக, நீங்கள் திருப்ப வேண்டியது என்று ஒரு பத்திக்கு வேலையே இல்லை, கவனித்தீர்களா? உங்கள் பேரில் இதுவரை விசேஷமே நடக்கவில்லை, யாரும் உங்களுக்கு மொய் செய்யவில்லை, ஊரில் யாருக்கும் நீங்கள் ஒரு ரூபாய்கூடப் பாக்கி இல்லை. இத்தனை நாள் தலைகுனிந்து ஏடிஎம்முக்கு ஓடியது உங்களுடைய கடனுக்காக இல்லை, தம்பி.

அப்பாவைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கத்துத் தென்னந்தோப்புகளை எப்படிச் சாய்த்தது என்று எல்லோருக்கும் தெரியும். நெட்டை ரகத் தென்னங்கன்று வைத்தால் காய்க்கவே ஐந்தாறு வருடம் ஆகும், அத்தனை வருடமும் மொய்ப் பத்திரிகை மட்டும் நிற்காமல் வந்திருக்கும். ஆனாலும் அப்பாவின் மொய் அப்பாவின் வரவிலிருந்துதான் போக வேண்டும். தேங்காய்க் காசு கைக்கு வந்த அன்றே ஒரு பகுதியை ஆடிக்கென்று தனியாக வைக்கச் சொல்லுங்கள். பேச்சை இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்: "அப்பா, வீட்டுக்கு நாலாயிரம் நிறுத்த மாட்டேன், மொய்ய மட்டும் நீங்க பாத்துக்குங்க." நாலாயிரம் நிற்காது என்று தெரிந்தால் கோபம் வராது.

சரி, கார்டு. கார்டுகளில் வட்டி பெரும்பாலும் மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம். உங்களுடையது 3.5 என்று வைப்போம். 58,000க்கு வட்டி 2,030, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 365, ஆகமொத்தம் 2,395. நீங்கள் கட்டும் 2,900இல் அசலுக்குப் போவது 505 ரூபாய்தான். கல்லணையில் திறந்த தண்ணீர் புது ஆற்றில் (கல்லணைக் கால்வாயில்) வந்து உங்கள் கடைமடைக்கு எவ்வளவு மிஞ்சுகிறதோ, அந்தக் கதைதான் இதுவும். இதற்கு நடுவில் ஒருமுறை ஏடிஎம்மில் எடுத்தால் போச்சு. பழைய பாக்கி இல்லாத கார்டில் பொருள் வாங்கினால் பில் கட்டும் கடைசித் தேதிவரை கிடைக்கிற அவகாசம், பணமாக எடுத்தால் கிடையாது, எடுத்த நாளிலிருந்தே வட்டி. கட்டணம் வேறு, பல வங்கிகளில் குறைந்தது 500, ஜிஎஸ்டியோடு 590. அன்றைக்கு 5,000 மொய் செய்ய 5,590 போயிருக்கும், வட்டி தனி.

ஆகவே கேட்க வாய் வராத அந்தச் சங்கிலியை அம்மாவிடம் கேளுங்கள். சுற்றி வளைக்காமல் கேளுங்கள். நகைக்கடனை நான் எல்லோருக்கும் சொல்வதில்லை, உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் மாதாமாதம் சம்பளம் வருகிறது, கடனும் அளவானது. வங்கியில் நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 9, 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 58,000க்கு 10 சதவீதம் என்றாலும் முதல் மாத வட்டி 483 ரூபாய். இன்றைய தங்க விலைக்கு இரண்டு பவுனுக்குள்ளேயே அந்தத் தொகை கிடைத்துவிடும். தெருமுனை அடகுக் கடைக்குப் போக வேண்டாம், வங்கிக்கோ உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்கோ போங்கள். கடன் அம்மா பேரில், ரசீது அம்மா கையில். நகை அவருடையது.

உங்கள் செலவைக் கூட்டினால் 19,500 வருகிறது, மிச்சம் 4,500. அதில் 3,500ஐ நகைக்கடனுக்குக் கட்டுங்கள். தீபாவளி போனஸ் 10,000 முழுவதும் அங்கேயே போகட்டும். ஐந்து மாதத்தில் போன் இஎம்ஐ முடிகிறது, அந்த 1,900ஐயும் சேர்த்து 5,400 கட்டினால் ஒரு வருடத்துக்குள் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். அம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய தேதி அது, அடுத்த வைகாசி. சொன்ன தேதியில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மீதி 1,000 உங்கள் சொந்த மொய்க்கு. இந்த ஆடியில் நெருங்கிய நண்பன், கூடப் படித்தவன் என்று ஓரிரண்டு இடத்துக்கு மட்டும், கையில் இருப்பதை வைத்து. 500 எழுதினால் 500தான், நோட்டைப் புரட்டினால் "அது அப்பா கணக்குண்ணே, அவர் வந்து செய்வார்" என்று சொல்லுங்கள். உங்கள் ஊரில் இது புரியாத ஆள் கிடையாது. ஆவணி முடிந்ததும் அந்த 1,000த்தில் வங்கியில் ஒரு ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) தொடங்கி அடுத்த ஆடிக்கு முன்னால் முதிர்கிற மாதிரி போட்டு வையுங்கள். அஞ்சலக ஆர்டி நல்லதுதான், ஆனால் அது ஐந்து வருடம், இந்த வேலைக்கு ஆகாது.

பிஎஃப் பணத்தைத் தொட வேண்டாம், 2024-25க்கு 8.25 சதவீதம் தந்திருக்கிறார்கள், அது அப்படியே கிடக்கட்டும். கடன் ஆப் பக்கம் போகவே போகாதீர்கள். வண்டியில் தினமும் போகிறவர் என்பதால் வங்கியில் 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் (பிரதம மந்திரி சுரக்ஷா பீமா, 2 லட்சம்) 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டுக்கும் (ஜீவன் ஜோதி பீமா, அதுவும் 2 லட்சம்) எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டும் வருடத்துக்கு ஒருமுறைதான். 1ஆம் தேதி பிரியாணியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ரூமில் எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிடுங்கள்.

மாமாவிடம் என்ன சொல்வது? உங்களுக்கு 26 வயது, இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் பெண் பார்ப்பார்கள். உங்கள் பேரில் வர வேண்டிய மொய்யை அந்தக் கல்யாணத்துக்கு விட்டு வைக்கிறேன் என்று சொல்லுங்கள், மாமாவே சந்தோஷப்படுவார். வருமான வரி கணக்கிலும் அதுதான் நல்லது. கல்யாணத்துக்கு மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வரி கிடையாது. வேறு காரணத்துக்கு, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரே வருடத்தில் 50,000க்கு மேல் வந்தால் அது வருமானமாகக் கணக்கில் ஏறும். மொய் திருப்பித் தர வேண்டிய பணம்தானே என்று வாதாடலாம், ஆனால் அதற்கு நோட்டும் ஆடிட்டரும் வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. நகைக்கடன் பணம் வந்த அன்றே கார்டில் முழுப் பாக்கியையும் கட்டுங்கள், 58,000 இல்லை, அன்றைய தேதிக்கு எவ்வளவு என்று கேட்டு, பைசா சுத்தமாக. "கொஞ்சம் குறைத்துக் கட்டி செட்டில் பண்ணிக்கொள்ளுங்கள்" என்று வங்கியிலிருந்து போன் வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது 'செட்டில்டு' என்று நின்று பிற்பாடு வீட்டுக் கடன் கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும். முழுதும் கட்டிய பிறகு கார்டை மூடச் சொல்லி மெயில் அனுப்புங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மூடிவிட்டோம் என்ற பதில் மெயிலை அழிக்காமல் வைத்திருங்கள்.