கேள்வி–பதில்: பழைய கடன் இருக்கும்போது வீட்டுக் கடன் எவ்வளவு கிடைக்கும்?

ஏற்கெனவே தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது எழும் சந்தேகங்களுக்கு இந்த இதழில் பதில். கணக்கில் வரும் எண்களை எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளுங்கள், விகிதம் மாறாது.

கேள்வி: மாதம் 1,00,000 கைக்கு வருகிறது. கார் கடனுக்கு 14,000 கட்டுகிறேன், இன்னும் 42 தவணை பாக்கி. தனிநபர் கடனுக்கு 6,000, அதில் 11 தவணை பாக்கி. எனக்கு எவ்வளவு கடன் தருவார்கள்? கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. எந்தக் கடனை முதலில் அடைக்கலாம்?

பதில்: உங்களுக்கு மொத்தம் எவ்வளவு கடன் இருக்கிறது என்பது வங்கிக்கு இரண்டாம்பட்சம். மாதா மாதம் எவ்வளவு வெளியே போகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். எல்லாத் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு இருக்கும். அதை 50% என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 50,000 வரை இடம் உண்டு. அதில் 20,000 ஏற்கெனவே போகிறது, மிச்சம் 30,000.

20 வருடம், 9% வட்டி என்றால் ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை ஏறக்குறைய 900. ஆகவே 30,000 தவணைக்குச் சுமார் 33.3 லட்சம் கடன் கிடைக்கும். பழைய கடன் எதுவும் இல்லாதிருந்தால் இதே சம்பளத்துக்கு 55.5 லட்சம். பழைய தவணையில் ஒவ்வொரு ஆயிரமும் புதுக் கடனில் 1.11 லட்சத்தைத் தின்றுவிடுகிறது.

இனி எதை அடைப்பது என்பது. வட்டி அதிகமான கடனை முதலில் அடை என்பது பொதுவான புத்திமதி. பணம் மிச்சமாக அதுதான் வழி. வீட்டுக் கடன் தகுதியைக் கூட்டுவதற்குக் கணக்கு வேறு. நிலுவைத் தொகையை மாதத் தவணையால் வகுத்துப் பாருங்கள். எதற்குச் சிறிய எண் வருகிறதோ அதுதான் முதலில். உங்கள் தனிநபர் கடனில் நிலுவை 61,000 அளவில் இருக்கும். 6,000-ஆல் வகுத்தால் 10. கார் கடனில் நிலுவை 5 லட்சத்தை ஒட்டி இருக்கும். 14,000-ஆல் வகுத்தால் 36. தனிநபர் கடனில் 61,000 போட்டு அடைத்தால் தகுதி 6.6 லட்சம் உயரும். கார் கடனில் 5 லட்சம் போட்டால் 15.5 லட்சம்தான் உயரும். போட்ட பணத்துக்கு முன்னது 11 மடங்கு, பின்னது 3 மடங்கு.

அடைக்காமலே தப்பிக்கவும் சில இடங்களில் வழி உண்டு. அமெரிக்காவில் வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி, 10 அல்லது அதற்கும் குறைவான தவணைகளே பாக்கியுள்ள தவணைக் கடனைப் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாகன லீஸுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. உங்கள் வங்கியிலும் இதுபோல ஏதாவது ஒரு கெடு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்களுக்குப் பாக்கி 11 தவணை. ஒரு மாதம் பொறுத்தாலே காரியம் முடியலாம்.

கார் கடனை அடைக்கிறேன் என்று சேமிப்பைக் காலி செய்துவிடாதீர்கள். வீட்டு விலை முழுவதையும் எந்த வங்கியும் பொதுவாகத் தராது. முன்பணம், பத்திரப் பதிவுச் செலவு எல்லாம் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். தகுதி இருந்தும் முன்பணம் இல்லாமல் நிற்பவர்கள் நிறைய.

கேள்வி: கிரெடிட் கார்டு பில்லை ஒரு மாதம் விடாமல் முழுசாகக் கட்டுகிறேன். ஆனாலும் அதைக் கடன் என்று எழுதியிருக்கிறார்கள். இது நியாயமா?

பதில்: நீங்கள் முழுசாகக் கட்டுவது அவர்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். கார்டு நிறுவனம் பெரும்பாலும் பில் போடும் நாளில் உள்ள நிலுவையைத்தான் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டுக்கு அனுப்பும். நாலு நாள் கழித்து நீங்கள் கட்டியது அந்த மாத அறிக்கையில் வராது. விண்ணப்பம் போடுவதற்கு முன் இரண்டு மாதம், பில் தேதிக்கு முன்பே கட்டிவிடுங்கள்.

அந்த நிலுவையைத் தவணையாக மாற்றும் விதமும் இடத்துக்கு இடம் வேறு. ஃபேனி மே முறையில், குறைந்தபட்சக் கட்டணம் அறிக்கையில் இல்லையென்றால் நிலுவையில் 5% மாதத் தவணையாகக் கொள்ளப்படும். ஆஸ்திரேலிய வங்கிகள் நிலுவையை விட்டுவிட்டு கார்டின் வரம்பையே பார்க்கின்றன. நாளைக்கே நீங்கள் முழு வரம்பையும் செலவழிக்கலாமே என்பது வாதம். 3,00,000 வரம்புள்ள கார்டுக்கு 3% என்றாலே மாதம் 9,000. மேலே சொன்ன கணக்கில் அது 10 லட்சம் கடன். அலமாரியில் தூங்கும் கார்டு ஒன்று இவ்வளவு வேலை செய்யும். அப்படிப்பட்ட வங்கியில் கேட்பதானால் வரம்பைக் குறைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: தம்பி வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். தவணையை அவன்தான் கட்டுகிறான். அதுவும் என் தலையிலா?

பதில்: பல வங்கிகளில் ஆமாம், அதுவும் முழுத் தவணையும். கூட்டுக் கடனிலும் பாதியாகப் பிரித்துக் காட்ட முடியாது. மற்றவர் கட்டாவிட்டால் முழுதும் உங்களிடம்தானே வரும். தம்பியின் கணக்கிலிருந்தே தொடர்ந்து 12 மாதம், ஒரு நாளும் தவறாமல் தவணை போயிருப்பதற்கு வங்கி அறிக்கை காட்டினால் சிலர் விலக்கித் தருவார்கள். அவர் உங்களிடம் பணம் கொடுத்து, உங்கள் கணக்கிலிருந்து தவணை போகிறது என்றால் அந்த ஆதாரம் செல்லாது. இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: ஒரே சம்பளச் சீட்டு, ஒரே கடன் விவரம். ஒரு வங்கி 33 லட்சம் என்கிறது, இன்னொன்று 27 லட்சம் என்கிறது. ஏன்?

பதில்: இரண்டாவது வங்கி வட்டி ஏறினால் தாங்குவீர்களா என்றும் பார்த்திருக்கும். 9 சதவீதத்துக்குப் பதில் 12 சதவீதத்தில் கணக்கிட்டால் அதே 30,000 தவணைக்கு 27.2 லட்சம்தான் வரும். கனடாவில் உங்கள் வட்டியுடன் 2 சதவீதப் புள்ளி கூட்டியது, அல்லது 5.25%, இதில் எது அதிகமோ அதில் சோதிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபரிலிருந்து 3 புள்ளி. போனஸ், ஓவர்டைம் இவற்றில் எவ்வளவு பங்கை வருமானமாக ஏற்கிறார்கள் என்பதிலும் வங்கிக்கு வங்கி வித்தியாசம் உண்டு.

கேள்வி: சின்னக் கடன்களை எல்லாம் சேர்த்து ஒரே நீண்ட காலக் கடனாக்கினால் தவணை குறையுமே?

பதில்: குறையும், தகுதியும் கூடும். மொத்த வட்டி ஏறும். வீட்டுக் கடன் கேட்பதற்கு ஒரு மாதம் முன்னால் செய்தால், புதிதாகக் கடன் எடுத்தது ரிப்போர்ட்டில் பளிச்சென்று தெரியும்; ஏன் என்று கேட்பார்கள். ஆறு மாதமாவது இடைவெளி விடுவது நல்லது.

கேள்வி: பழைய கடன் ஒன்றைப் பேசி முடித்துவிட்டேன். இனி அது கணக்கில் வராதல்லவா?

பதில்: பேசி முடித்தது என்றால், வட்டியையோ அசலில் ஒரு பகுதியையோ தள்ளுபடி செய்யச் சொல்லி முடித்தீர்களா? அப்படியானால் ரிப்போர்ட்டில் ‘முடிக்கப்பட்டது’ என்று வராமல் ‘செட்டில்’ என்று வரும். தவணைக் கணக்கில் சேராது. ஆனால் முழுதும் கட்டாதவர் என்ற பெயர் நிற்கும். தள்ளுபடியான தொகையை இப்போது கட்டி நிலையை மாற்ற முடியுமா என்று அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். முழுதும் கட்டியவர்களும் ‘பாக்கி இல்லை’ கடிதத்தைக் கையோடு வாங்கி, ரிப்போர்ட்டில் மாறிவிட்டதா என்று பார்த்த பிறகே விண்ணப்பம் போட வேண்டும். கடன் ஒப்புதல் வந்தாயிற்றே என்று புது வீட்டுக்குத் தவணையில் சோபாவும் ஃபிரிட்ஜும் வாங்கிவிடாதீர்கள். பணத்தை விடுவிக்கும் முன் பல வங்கிகள் ரிப்போர்ட்டை இன்னொரு முறை எடுத்துப் பார்க்கும்.