முதுகில் துளையிட்டுக் கல் எடுத்தால் ரத்தப்போக்கு அதிகமாகுமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. இடது சிறுநீரகத்தில் இரண்டரை சென்டிமீட்டர் கல். முதுகில் துளையிட்டு எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். 3 வருடங்களுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார். எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு இதே ஆபரேஷன் முடிந்து, பத்தாம் நாள் வீட்டில் சிறுநீர் ரத்தமாகப் போனது. பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. அதற்குள் துளையிட்டால் கொஞ்சமாவது ரத்தம் கசியத்தான் செய்யும். அது அளவு மீறாமல் இருப்பது பெரும்பாலும் முதல் ஊசி எங்கே இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. சிறுநீரகத்தின் பின்பக்கத்தில், பெரிய ரத்தக்குழாய்கள் குறைவாக உள்ள பகுதி வழியாக, சிறுநீர் சேரும் கிண்ணத்தின் நுனியைக் குத்த வேண்டும். எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் பார்த்தபடியே இதைச் செய்வார்கள். வழக்கமான துளை 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 'மினி' முறையில் அதைவிடச் சிறியது, கசிவும் குறையும். டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தும் ரத்த இழப்பைக் குறைக்க உதவும்.

சிரைகளிலிருந்து கசிந்தால், துளையில் ட்யூபை வைத்துச் சிறிது நேரம் மூடிவிடுவார்கள். உள்ளே ரத்தம் உறைந்து, அந்த அழுத்தத்திலேயே கசிவு நின்றுவிடும். பார்வை மறைக்கும் அளவு ரத்தம் வந்தால், மீதிக் கல்லை இன்னொரு நாள் எடுக்கலாம் என்று நிறுத்திவிடுவதும் உண்டு. அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். அங்கே நிறுத்தத் தெரிந்த மருத்துவரை நான் மதிக்கிறேன்.

இனி க்ளோபிடோக்ரெல். வழக்கமாக 5 முதல் 7 நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அந்த இடைவெளியில் ஆஸ்பிரின் தொடரலாமா என்பதை இதய மருத்துவரும் சிறுநீரக அறுவை மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். நிறுத்தவே முடியாது என்றால், சிறுநீர்ப் பாதை வழியாகவே வளையும் கருவியை அனுப்பி லேசரால் உடைக்கும் முறையைப் பற்றிக் கேளுங்கள். இவ்வளவு பெரிய கல்லுக்கு இரண்டு முறை செய்ய வேண்டி வரலாம். கல் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளும் ரத்தம் உறைவதைக் குறைக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்தவருக்கு நடந்தது பெரும்பாலும் தமனியில் ஏற்பட்ட காயமாக இருக்கும். காயம்பட்ட இடம் சிறு பலூன்போல் உப்பி, ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் திடீரென்று ரத்தம் கசியலாம். நூற்றில் ஓரிருவருக்குத்தான் இப்படி ஆகும். தொடை வழியாக ஆஞ்சியோ செய்து, நுண்ணிய கம்பிச்சுருளால் அந்தக் கிளையை மட்டும் அடைத்துவிடலாம், சிறுநீரகம் தப்பிவிடும். ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன், இந்த வசதி அந்த மருத்துவமனையிலேயே இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டு வையுங்கள்.

முதல் சில நாட்கள் சிறுநீர் வெளிர் ரோஜா நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம். அடர் சிவப்பாகவோ கட்டி கட்டியாகவோ போனாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், தலைசுற்றி வியர்த்தாலும் காலை வரை காத்திருக்காமல் அந்த இரவே கிளம்பிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கட்டும்.